மூக்கனுக்கு வைத்த ரொட்டி

வவுனியாப் பக்கத்தில் எலி என்றவுடன் எல்லாருக்கும் ஒரே யோசனைதான் வரும்: எதால் அடிக்கலாம்? வயல்காரன் நஞ்சு வைப்பான். கடைக்காரன் பொறி வைப்பான். பள்ளிக்கூடப் பெடியன், பாவம், அவனால் முடிந்தது விஞ்ஞானப் புத்தகத்து எலிக்குக் கண்ணாடியும் மீசையும் கீறி வைப்பதுதான். இப்படிப்பட்ட ஊரில் எலிக்கு நேரத்துக்குத் தண்ணீர் வைத்து, மரத்தூள் படுக்கை மாற்றி, அதற்குச் சம்பளமும் வாங்குகிற மனிதனுக்குப் பட்டப்பெயர் வராமல் இருக்குமா? நெளுக்குளத்தில் அவனை 'எலி றிஸ்கான்' என்றுதான் சொல்வார்கள். அவனுக்குக் கோபம் இல்லை. அதே ஒழுங்கையில் இன்னொரு றிஸ்கான் இருந்தான். அவனுக்கு ஊர் வைத்த பெயரை எழுத முடியாது. அதோடு பார்த்தால் எலி மரியாதையான பிராணி.

பல்கலைக்கழகக் கம்பஸ் ஒன்றின் விலங்குக் கூடத்தில் றிஸ்கானுக்கு வேலை. அதற்கு முதல் சந்தையில் கோழி வித்தவன். துடிக்கிற உயிரை நோகாமல் பிடிக்கிற கை அவனுக்கு அங்கேதான் வந்தது. வேலைக்கு எடுத்தபோது, "எலி கடிச்சா என்ன செய்வீர்?" என்று கேட்டார்களாம். "சேவல் கொத்தினதை விடவோ, சேர்?" என்றானாம். வேலை கிடைத்துவிட்டது.

வீட்டில்தான் கொஞ்சம் இழுபறி. மனைவி ஷமீலா ஒரு சட்டம் போட்டிருந்தாள். எலிக்கூடத்தில் இருந்து வந்தால் கிணற்றடி. அதற்குப் பிறகுதான் குசினி.

"சவர்க்காரம் போட்டனீங்களோ?"

"போட்டனான்."

"காதுக்குப் பின்னாலயும்?"

"எலி என்ர காதுக்குப் பின்னாலயோ குடியிருக்குது?"

"ஆருக்குத் தெரியும்? உங்களோட அவ்வளவு ஒட்டுத்தானே."

அது உண்மைதான். எல்லா எலியோடும் இல்லை. ஒரே ஒரு எலியோடு.

வட்டக்கச்சியில் இருந்து வந்து படிக்கிற யதுர்ஷிகாவின் ஆய்வுக்காக அந்த வெள்ளெலிகள் வந்திருந்தன. அவளுடைய அப்பா வயல்காரர். மகள் எலியைப் பற்றிப் படிக்கிறாள் என்றதும் நல்ல நஞ்சு ஒன்று கண்டுபிடிக்கப் போகிறாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். அவள் எலியை வளர்த்துப் பழக்குகிறாள் என்று தெரிந்தபோது மனிசன் இரண்டு நாள் சோறு சாப்பிடவில்லை என்று அவளே சிரித்துச் சிரித்துச் சொல்வாள். யதுர்ஷிகா நல்ல பிள்ளை. விளங்காததைக் கேட்டால் முகத்தைச் சுளிக்காமல் சொல்லித் தருவாள்.

"றிஸ்கான் அண்ணை, இதைப் பாருங்கோ. மூளைக்குள்ள ஒரு பகுதி. என்ன மாதிரிக் கிடக்கு?"

றிஸ்கான் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முல்லைத்தீவில் வாப்பாவின் கூட்டாளி ஸ்ரனிஸ்லஸ் வலை உதறும்போது சில வேளை விழுகிற, வால் சுருண்ட அந்தச் சின்னச் சாமான் நினைவுக்கு வந்தது.

"கடற்குதிரையெல்லோ?"

"ஓம்! பேரே அதுதான். ஹிப்போகாம்பஸ் எண்டு சொல்லுறது. எந்த இடத்தில என்ன கிடக்கு, நேற்று என்ன நடந்தது எண்டதையெல்லாம் பிடிச்சு வைக்கிறதில அதுக்குப் பெரிய பங்கு. அது பழுதாப்போனா எலி பழகின வழியிலயே போகும். வழி மாறிட்டுதெண்டு மனசை மாத்திறது கஷ்டம். எவ்வளவு கஷ்டம் எண்டுதான் நான் பாக்கப்போறன்."

எல்லா எலியின் தலையிலும் தையல் அடையாளம் இருந்தது. சிலதுக்கு உள்ளே கடற்குதிரை பழுதாக்கப்பட்டிருந்தது. சிலதைச் சும்மா திறந்து மூடித் தைத்திருந்தார்கள். எது எது என்று ஆய்வை மேற்பார்வை செய்கிற பெரிய சேருக்கு மட்டும்தான் தெரியும். "எனக்குத் தெரிஞ்சா, என்னை அறியாமலே என்ர கண் கள்ளம் செய்யும், அண்ணை," என்றாள் யதுர்ஷிகா. கடைசியில் எல்லா எலியின் மூளையையும் வெட்டிப் பார்ப்பார்கள் என்றும் ஒருநாள் சொன்னாள். அந்த நேரம் பார்த்து றிஸ்கானுக்குத் தண்ணீர்ப் போத்தல் கழுவுகிற அவசர வேலை வந்துவிட்டது.

அறையின் நடுவில் சிலுவை போல நாலு கை உள்ள மரப்பாதை. ஒரு கையில் எலியை விடுவாள். யன்னல் பக்கத்துக் கையின் நுனியில் ஒரு துண்டு பிஸ்கட். யன்னல், எதிர்ச் சுவரில் ஆணியில் தொங்குகிற வெள்ளைக் கோட், மூலையில் ஆடுகிற பழைய காற்றாடி. இவற்றைப் பார்த்துத்தான் எலி இடம் பிடிக்கும். ஒருநாள் றிஸ்கான் அந்தக் கோட்டைத் தோய்த்து வெளியில் காயப் போட்டுவிட்டான். எலிகள் பாதையில் நின்று முழிசின. யதுர்ஷிகா அதைவிட முழிசினாள். பிறகு கோட் ஊத்தையாகவே தொங்கியது.

மூக்கன் என்று றிஸ்கான் பெயர் வைத்த எலிக்கு மூக்கு மற்றதுகளை விடக் கொஞ்சம் நீளம். கூட்டைத் திறந்தால் கைக்குள் தானே ஏறும். சட்டைப் பைக்குள் தலையை விட்டு, வெற்றிலை இருக்கிறதா என்று பார்ப்பது போல மணப்பான். யன்னல் பக்கம் பிஸ்கட் இருக்கிறது என்று எல்லாருக்கும் முதல் படித்தவனும் அவன்தான். றிஸ்கான் அன்றைக்கு வீட்டில் தன் மகன் பரீட்சையில் முதலாவதாக வந்த மாதிரிக் கதைத்தான். சொந்த மகனின் கணக்குப் புள்ளியை ஷமீலா நினைவுபடுத்தியதும் வாயை மூடிக்கொண்டான்.

பிறகுதான் யதுர்ஷிகா பிஸ்கட்டை இடம் மாற்றினாள். இனி யன்னல் பக்கம் இல்லை, கோட் பக்கம்.

அன்று காலை முல்லைத்தீவில் இருந்து தங்கை மஸீனா போன் எடுத்தாள். வாப்பா அவளோடுதான் இருக்கிறார். வாப்பா ஹமீட்டுக்கு அங்கே ஒரு சின்னக் கடை: வெற்றிலை, நூல், தூண்டில், கடலுக்குப் போகிறவர்களுக்குப் பிஸ்கட். புத்தளத்தில் இருபது வருசம் அகதியாக இருந்துவிட்டுத் திரும்பி வந்து கடற்கரை ஒழுங்கையில் வாடகைக்குப் போட்ட கடை. கட்டடக்காரர் இடத்தைத் திருப்பிக் கேட்டதால் அண்மையில்தான் அதைப் பள்ளிவாசலடிக்கு மாற்றினார்கள்.

"நானா, வாப்பாக்குத் தலை சரியில்லை," என்று மஸீனா அழுதாள். "ஒவ்வொரு நாளும் காலமை பழைய கடையடிக்குத்தான் போறார். பூட்டின கதவுக்கு முன்னால நிக்கிறார். நான் மூலையில நிண்டு என்ர கண்ணால பாத்தனான். கடை மாறினது அவருக்கு ஞாபகம் இல்லை, நானா."

"கேட்டுப் பாத்தனியோ?"

"என்னெண்டு கேக்கிறது? கேட்டா அவருக்கு மனசு நோகும். பேசாமல் கடையை மூடிப்போட்டு உங்களிட்ட அனுப்புறன். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்து கூட்டிக்கொண்டு போங்கோ."

கடையை மூடினால் வாப்பாவை எப்படிப் பிடித்து வைப்பது என்று றிஸ்கானுக்கு விளங்கவில்லை. முல்லைத்தீவை விட்டு ஒருமுறை துரத்தப்பட்ட மனிசன். திரும்பி வந்து கதவைத் திறந்த அன்று கடையின் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றவர். அவரை நெளுக்குளத்தில் கதிரையில் இருத்தி, "வாப்பா, தேத்தண்ணி" என்றால் மட்டும் ஆகுமா?

அந்த யோசனையோடு வேலைக்கு வந்தவன் கண்ணுக்கு முன்னால்தான் மூக்கன் யன்னல் பக்கம் ஓடினான். நுனியில் ஒன்றும் இல்லை. மற்ற எலிகள் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பி ஓடின. மூக்கன் ஓடவில்லை. அந்த வெறும் நுனியில் குந்தினான். முன்கால்கள் இரண்டையும் விளிம்பில் வைத்து, மூக்கை உயர்த்தி, கடைக்காரன் எங்கே என்று கேட்பது போல நிமிர்ந்து பார்த்தான்.

பூட்டின கதவு. முன்னால் ஒரு கிழவன்.

றிஸ்கானுக்குத் தாங்கவில்லை. வேலை முடிந்து யதுர்ஷிகா கணினி இருக்கிற அறைக்குப் போன பிறகு, அவன் சாப்பாட்டுப் பார்சலில் இருந்து ஷமீலா சுட்ட ரொட்டியில் ஒரு துண்டு கிள்ளினான். யன்னல் பக்க நுனியில் வைத்தான். மூக்கனை இன்னொரு தரம் ஓட விட்டான்.

"தின். உன்னை ஒருத்தரும் ஏமாத்தேல்லை," என்றான்.

மூக்கன் தின்றான். றிஸ்கான் பலகையைத் துணியால் துடைத்து, ஒரு துரும்பும் இல்லாமல் பார்த்துக்கொண்டான். அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். வந்தவனை வெறும் கையோடு அனுப்பாத கடைக்காரனின் மகன், வேறெப்படிச் செய்வான்?

மற்ற எலிகளில் பாதிக்கு மேல் கோட் பக்கம் போகப் பழகிவிட்டன. சில தடுமாறின. மூக்கன் மட்டும் கயிறு கட்டி இழுத்த மாதிரி யன்னலுக்கே போனான். யதுர்ஷிகாவின் கண் மின்னியது.

"பாத்தீங்களே அண்ணை, இவன் நூறு வீதம் பழைய வழிதான். இவனுக்குக் கடற்குதிரை முழுக்கப் பழுதாப் போட்டுது போல."

"போட்டுதோ?" றிஸ்கானின் குரல் இறங்கியது. "அப்ப... மனிசருக்கும் இப்பிடித்தானோ, தங்கச்சி? வயசு போன ஆள் ஒருத்தர், கடை மாறினாலும் பழைய கடைக்கே போனால்?"

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். "ஆர், அண்ணை?"

"வாப்பா."

"எனக்கு எலி மட்டும்தான் தெரியும். டொக்டரிட்டக் காட்டுங்கோ." பிறகு அவன் முகத்துக்காக இன்னொன்று சொன்னாள். "எலியெண்டா நாங்கள் ஒரு சோதனை செய்வம். வழமையா விடுற பக்கத்தில விடாமல் எதிர்ப்பக்கத்தில விடுவம். இடம் தெரிஞ்ச எலி சுத்திப் பாத்துச் சரியான இடத்துக்குப் போகும். பழக்கத்தில மட்டும் ஓடுற எலி, கால் பழகின பக்கம் திரும்பி, பிழையான இடத்துக்குப் போகும்."

அவள் ஆறுதலுக்குச் சொன்னாள். றிஸ்கான் அதைச் செய்முறைக் குறிப்பாக எடுத்துக்கொண்டான். நாலு நாள் லீவு போட்டுவிட்டு முல்லைத்தீவு பஸ் ஏறினான்.

விடிந்ததும் மச்சானின் மோட்டார் சைக்கிளை வாங்கி வாப்பாவைப் பின்னால் ஏற்றினான். வழமையான ஒழுங்கையால் போகவில்லை. ஆஸ்பத்திரிப் பக்கம் சுற்றி, வாப்பா ஒருநாளும் நடந்து வராத திசையில் ஒரு சந்தியில் இறக்கினான்.

"இனி நடப்பம். நீங்கள் முன்னால போங்கோ, வாப்பா. கடைக்கு."

ஹமீட் மகனை ஏற இறங்கப் பார்த்தார். "கடை எங்கயெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியேல்லை."

"கடை திறந்த அண்டைக்கு வந்து கிழங்கு ரொட்டி நாலு திண்டனியே?"

"ஞாபகம் இல்லை, வாப்பா."

வாப்பாவின் முகம் மாறியது. சுற்றுமுற்றும் ஒருதரம் பார்த்துவிட்டு நடந்தார். நடந்து போய் நின்ற இடம் கடற்கரை ஒழுங்கை. பூட்டின கதவு.

றிஸ்கான் பின்னால் வந்து நின்றான். எதிர்ப்பக்கத்தில் விட்டும் பழைய இடம். யதுர்ஷிகாவின் சோதனையில் இது பாஸா பெயிலா என்றுகூட அவனுக்குப் பிடிபடவில்லை. கதவைப் பார்த்தபடி நிற்கிற வாப்பாவின் முதுகு மட்டும் தெரிந்தது. அந்த முதுகு அவ்வளவு சின்னதாக இருந்து அவன் பார்த்ததில்லை.

அப்போது ஒழுங்கைக்குள் ஒரு சைக்கிள் கிறீச்சிட்டுக்கொண்டு வந்தது. ஈரச் சாரமும் மணல் ஒட்டின காலுமாக ஸ்ரனிஸ்லஸ். கைபிடியில் ஒரு பை தொங்கியது; பைக்குள் மீன் வால் ஆடியது.

"என்ன ஹமீட்டு, இண்டைக்குச் சுணங்கிட்டாய்? தேத்தண்ணி ஆறியிருக்கும்."

"நீ சுணங்காத மாதிரி. மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்திப்போட்டு வந்தியோ, நித்திரை கொண்டுபோட்டு வந்தியோ?"

வாப்பா சேட்டுப் பையில் இருந்து வெற்றிலைச் சுருளை எடுத்து நீட்டினார். ஸ்ரனிஸ்லஸ் மீன் பையை நீட்டினார். பூட்டின கடைக்கு முன்னால் இருந்த மதகில் இரண்டு பேரும் இருந்தார்கள், நாற்காலி போட்ட மாதிரி. சைக்கிளில் கட்டியிருந்த பிளாஸ்க்கில் இருந்து தேத்தண்ணி வந்தது, றிஸ்கானுக்கும் ஒரு கோப்பை. வாப்பா கூட்டாளியின் காதுக்குக் கிட்டக் குனிந்து, ரகசியம் என்று நினைத்துக்கொண்டு, ஒழுங்கை முழுக்கக் கேட்கச் சொன்னார்:

"பெடியனுக்குத் தலையில ஏதோ பிழை, ஸ்ரனி. கடை எங்கயெண்டு கேக்கிறான். எலியளோட இருந்து இருந்து..."

"ஐயோ. சின்ன வயசெல்லோ?"

"அதுதான். மஸீனாக்குச் சொல்லேல்லை. அவள் அழுவாள்."

றிஸ்கான் கிட்டப் போனான். "வாப்பா, கடையை மாத்தினது உங்களுக்குத் தெரியுமோ?"

"மாத்தினது நானெல்லோ!"

"அப்ப ஏன் ஒவ்வொரு நாளும் இஞ்ச வாறீங்கள்?"

வாப்பா ஸ்ரனிஸ்லஸைக் காட்டினார். "இவர் துரை பள்ளிவாசலடிக்கு வரமாட்டாராம்."

ஸ்ரனிஸ்லஸ் தன் ஈரச் சாரத்தைக் குனிந்து பார்த்தார். "தம்பி, நான் வலையில இருந்து நேர வாறனான். தொழப் போற சனம் குளிச்சு வெள்ளை உடுத்துக்கொண்டு நிக்கும். நான் மீன் நாத்தத்தோட அந்த வாசலில நிக்கிறதோ? கூச்சமாக் கிடக்கும்."

"நாறினா நாறட்டும் எண்டு சொன்னனான், கேக்கேல்லை," என்றார் வாப்பா. "கடையைத்தான் மாத்தலாம். இவனை மாத்தேலுமோ? அதுதான் நான் இஞ்ச வந்து ஒரு தேத்தண்ணி குடிச்சுப்போட்டு அங்க போய்க் கடையைத் திறக்கிறது. இதில என்ன கிடக்கு?"

"மஸீனா பயந்துபோய்க் கிடக்கிறாள்."

"மூலைமட்டும் வந்து பாத்துப்போட்டு ஓடினா என்ன தெரியும்? இன்னும் நாலடி வைச்சிருந்தா அவளுக்கும் ஒரு தேத்தண்ணி கிடைச்சிருக்கும்."

றிஸ்கான் மதகில் குந்திச் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். இரண்டு கிழவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பெடியனுக்கு நிச்சயமாக முற்றிவிட்டது என்று முடிவு செய்துவிட்டார்கள் போல. கடை மூடத் தேவையில்லை. வாப்பாவின் தலைக்கு ஒன்றும் இல்லை. அவர் பழைய இடத்துக்குப் போகிறார், ஏனென்றால் பழைய இடத்தில் அவருக்கு ஒருவர் ஒவ்வொரு நாளும்...

சிரிப்பு நின்றது. தேத்தண்ணிக் கோப்பை கையில் அப்படியே நின்றது.

மூக்கனுக்கும் ஒருவர் ஒவ்வொரு நாளும் வைத்தபடிதானே இருந்தார். ஷமீலா சுட்ட ரொட்டி.

லீவு முடிந்து திரும்பி வந்தபோது யதுர்ஷிகா வாசலிலேயே நின்றாள்.

"அண்ணை! மூக்கனுக்குச் சுகம்! நீங்கள் போன பிறகு முதல் யன்னலுக்குத்தான் போனவன். பிறகு நிண்டு யோசிச்சவன். இப்ப நேர கோட் பக்கம் போறான். பழுதான மூளை திரும்பப் பழகுது போல. சேருக்கு எழுதப் போறன். இது பெரிய விசயம், அண்ணை!"

அந்தச் சந்தோசத்தைக் கெடுப்பதற்குப் பதில் கோழிச் சந்தைக்கே திரும்பிப் போகலாம் என்று றிஸ்கானுக்குத் தோன்றியது. வேலை போகும். அது தெரிந்தது. ஆனால் வாப்பாவைக் கேளாமல் மூலையில் நின்று பார்த்து, தலை சரியில்லை என்று கடையை மூடப் பார்த்தாள் மஸீனா. இந்தப் பிள்ளையும் இப்போது மூலையில்தான் நிற்கிறது. மிச்ச நாலடியை அவன்தான் சொல்ல வேண்டும்.

"எழுதாதேங்கோ, தங்கச்சி."

"ஏன்?"

"நான் அவனுக்கு யன்னலடியில ரொட்டி வைச்சனான்."

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. "எப்ப?"

"நீங்கள் மற்ற அறைக்குப் போன பிறகு. ஒவ்வொரு நாளும். நான் லீவில போனதோட ரொட்டியும் நிண்டுபோச்சு."

யதுர்ஷிகா கதிரையில் இருந்தாள். எழும்பினாள். திரும்ப இருந்தாள்.

"என்ன ரொட்டி?" என்று கேட்டாள். ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது.

"தேங்காய்ப்பூ ரொட்டி."

"அண்ணை, உங்களுக்கு விசரோ? மாதக் கணக்கா நான் கஷ்டப்பட்டு... அவன் தின்னுறதுக்குப் போனவன்! எந்த எலியும் போகும்! நானும் போவன்!" கண் கலங்கிவிட்டது. "ஏன் செய்தனீங்கள்?"

"அவன் வெறும் நுனியில குந்திக்கொண்டு பாத்தவன்," என்றான் றிஸ்கான். அதைவிட நல்ல காரணம் அவனிடம் இருக்கவில்லை. வாப்பாவைப் பற்றிச் சொல்லலாம். சொன்னால் அவள் இரங்குவாள், இரக்கம் வாங்குகிற நேரம் இதுவல்ல என்று விட்டுவிட்டான். "திறப்பைத் தந்திட்டு வேலையை விட்டுப் போகட்டோ?"

அவள் மற்ற அறைக்குப் போய் சேரோடு போனில் நெடுநேரம் கதைத்தாள். றிஸ்கான் வெளியில் நின்று சுவரைப் பார்த்தான். திரும்பி வந்தபோது அவள் மூக்கு சிவந்திருந்தது.

"மூக்கன் ஆய்வில இல்லை. வெளியில. சேர் என்னைத்தான் ஏசினவர், நான் பாத்திருக்க வேணுமாம்." மூக்கை உறிஞ்சினாள். "மூக்கன்ர மூளையில ஒண்டும் செய்யேல்லையாம். சும்மா தையல்தான். கடற்குதிரை முழுசா இருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றான் றிஸ்கான், அவனை அறியாமல்.

"சிரிக்காதேங்கோ, நான் இன்னும் கோபமாத்தான் இருக்கிறன்." அவள் இன்னொரு கூட்டைத் திறந்து மெலிந்த எலி ஒன்றை எடுத்துப் பாதையில் விட்டாள். அது யன்னலுக்குப் போனது. வெறும் நுனி. திரும்ப விட்டாள். திரும்பவும் யன்னல். "பாருங்கோ. இதுக்கு ஆரும் ரொட்டி வைக்கேல்லை. இது எத்தினை தரம் போய் ஏமாந்தாலும் பழைய இடம்தான். இதுதான் உண்மையான நோய், அண்ணை. உங்கட ரொட்டியால இந்த நோய் எனக்குத் தெரியாமல் போயிருக்கும்."

றிஸ்கான் அந்த எலியைப் பார்த்தான். கை தானாகச் சாப்பாட்டுப் பார்சல் பக்கம் போனது. தானே பிடித்து இழுத்துக்கொண்டான்.

"இதுக்கு ஒண்டும் செய்யேலாதோ?"

"அடுத்த கிழமை கோட் பக்கத்துப் பலகையில சாக்கு விரிக்கப் போறன். இடம் பிடிபடாட்டிலும் காலுக்குச் சொரசொரப்புப் பிடிபடலாம். சில வேளை அதால படிக்கும்." பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "இனி எலி ஓடுற நேரம் நீங்கள் வெளியில நிக்க வேணும். கதவைப் பூட்டுவன். இப்ப போய்த் தண்ணி வையுங்கோ, மற்றதுகள் தாகத்தில கிடக்குதுகள்."

அதுதான் தண்டனை. வேலை போகவில்லை. மூளையை வெட்டிப் பார்க்கிற கூட்டத்தில் இருந்து மூக்கனும் தப்பிவிட்டான். புதிதாக வருகிற மாணவர் எலியைத் தூக்கிப் பழகுவதற்கு அவனை வைத்துக்கொள்ளலாம் என்று சேர் சொல்லியிருந்தார். வாத்தியார் வேலை. ஓய்வூதியம் மட்டும் இல்லை.

பின்னேரம் கிணற்றடியில் நின்று றிஸ்கான் எல்லாவற்றையும் ஷமீலாவுக்குச் சொன்னான். அவள் குசினி வாசலில் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

"அப்ப நான் விடிய எழும்பிச் சுட்ட ரொட்டியை எலிக்குக் குடுத்திருக்கிறீங்கள்."

"துண்டுதான்."

"வாப்பாட தலையும் நல்லாத்தான் இருக்கு, எலியிட தலையும் நல்லாத்தான் இருக்கு. உங்கட தலைக்குத்தான் சவர்க்காரம் காணாது." அவள் உள்ளே போய்விட்டாள்.

அடுத்த நாள் மதியம், பூட்டின கதவுக்கு வெளியில் குந்தியிருந்து றிஸ்கான் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்தான். உள்ளே அவனுடைய ரொட்டிகளுக்குப் பக்கத்தில், வாழையிலைக் கிழிசலில் தனியாகச் சுற்றி, தேத்தண்ணிக் கோப்பையின் வாயளவில் ஒரு குட்டி ரொட்டி இருந்தது. கருகாமல், வட்டமாக, கவனமாகச் சுட்டது. அவன் போன் எடுத்தான்.

"இதென்னப்பா இது?"

"ஆய்வில இல்லாதவன் தின்னலாம்தானே?" என்றாள் ஷமீலா. "வந்து கையைக் கழுவுங்கோ. காதுக்குப் பின்னாலயும்."